குளத்து ஆகாயத்தாமரையை நாய் தின்றால் ஆபத்தா?

கேள்வி (வவுனிக்குளம்):
வணக்கம். வயல் வாய்க்காலில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் தடித்த, மயிர் படர்ந்த இலைகளை எங்கள் நாய்க்குட்டி மென்றுவிட்டு, வாயைக் காலால் தேய்த்தபடி எச்சில் வடிக்கிறது. இது நஞ்சா?

பதில் (கிளிநொச்சி):
உயிராபத்து மிக அரிது; ஆனால் பாதுகாப்பான செடியன்று. சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த இதன் இலையிலும் ஊசி வடிவக் கல்சியம் ஒட்சலேற்றுப் படிகங்கள் இருப்பதால், மெல்லும்போது அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்தி எரிவையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. வாயை நல்ல நீரால் கழுவிக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். தயவுசெய்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். படிகங்கள் தொண்டையை மீண்டும் புண்ணாக்கும். மூச்சு இழுத்தாலோ வீக்கம் கூடினாலோ தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

பதில் (முல்லைத்தீவு):
பெயர் ஒத்திருந்தாலும் உண்மையான தாமரை வேறு செடி; அதன் இலையையோ கிழங்கையோ கடித்தால் இந்த எரிவு வராது. எனக்குப் பெரிய கவலை செடியைவிடத் தண்ணீரே. கோடையில் குளம் வற்றித் தேங்கும்போது பச்சை வண்ணப்பூச்சு ஊற்றியதுபோல் படியும் நீலப்பச்சைப்பாசி நச்சுத்தன்மையுடையதாக இருந்தால், அந்நீரைக் குடித்த நாய் சில மணி நேரத்திலேயே இறக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வாயைக் கழுவினேன், எச்சில் குறைந்துள்ளது, தண்ணீரும் குடிக்கிறது.