40 நாள் குழந்தைக்கு எச்.ஐ.வி ரியாக்டிவ்னு ரிப்போர்ட் வந்துருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

கொல்லிமலை_சாரல்:

வணக்கம்ங்க. இவ்வளவு நாள் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன். எனக்கு எச்.ஐ.வி இருக்குன்னு நாலாம் மாசம் செக்கப்புல எடுத்த ரத்த டெஸ்ட்லதான் தெரிஞ்சுது. எப்படி வந்துச்சு யாரால வந்துச்சுன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, அத பேசிப் பேசி ஓஞ்சாச்சு. அப்பருந்து கூட்டு மருந்து மாத்திரை ராத்திரி ஒண்ணு, ஒரு நாள் கூட விடல. எட்டாம் மாசம் வைரல் லோடு, அதான் ரத்தத்துல கிருமி எவ்வளவு இருக்குன்னு பாத்தாங்க, கண்டுபிடிக்கற அளவுக்கு இல்லைன்னு வந்துச்சு. ஜிஎச்லதான் பிரசவம், பையன், 2 கிலோ 800. பொறந்த உடனே குழந்தைக்கு தொத்தாம இருக்க நெவிரபின் சிரப்பு ஆரம்பிச்சாச்சு, தாய்ப்பால் மட்டும்தான் குடுத்துட்டு இருந்தேன்.

முந்தாநேத்து காய்ச்சல் அடிச்சுது, அவசரத்துக்கு பக்கத்துல ஒரு பிரைவேட்டுக்கு தூக்கிட்டு ஓடினோம், நான் மறைக்காம விஷயத்த சொன்னேன், அவங்க உடனே குழந்தைக்கும் டெஸ்ட் எழுதிட்டாங்க. நேத்து சாயங்காலம் ரிப்போர்ட், ரியாக்டிவ்னு, அதாவது பாசிட்டிவாம். ஒரு விளக்கமும் சொல்லல, பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கன்னு மட்டும்.

ராத்திரியிலிருந்து நான் பால் குடுக்கல. என் பாலாலதான் வந்துச்சோன்னு கை நடுங்குது. மாமியாருக்கு ஒண்ணும் தெரியாது, பால் பத்தலையாட்டன்னு நெனச்சு பசும்பால்ல தண்ணி கலந்து பாலாடையில ஊத்திட்டு இருக்காங்க. எனக்கு மாரெல்லாம் கட்டிக்கிட்டு வலி உயிர் போகுது. என்ன பண்றதுங்க?

தேனிக்காரி:

ஏம்மா, மொதல்ல அந்த பாலாடைய வாங்கி வச்சுட்டு புள்ளைய நெஞ்சோட சேத்து பால் குடு. மிச்சத்த அப்பறம் படி.

குடுத்துட்டியா? இப்ப கேளு. என் மகனுக்கும் ஒரு மாசத்துல இதே மாதிரி ஒரு டெஸ்ட்ட எடுத்து பாசிட்டிவ்னு கைல குடுத்தாங்க, நானும் ஒரு ராத்திரி பூரா சுவத்த பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அவன் இப்ப ரெண்டாம் வகுப்பு, அவனுக்கு ஒண்ணும் இல்ல. கிருமிய எதுக்க நம்ம ஒடம்பு உண்டாக்கி வச்சிருக்கற ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியா புள்ளைக்கும் போயிரும், அந்த ரேபிட் டெஸ்ட் அதத்தான் காட்டுது. நம்ம வயித்துல பொறந்த எந்த புள்ளைக்கு எடுத்தாலும் இந்த வயசுல அப்படித்தான் வரும். அது ஒன்னோட ரிசல்ட்டு, அவனோடது இல்ல.

அவனுக்குன்னு இருக்கற டெஸ்ட் வேற, 6 வாரத்துல நம்பிக்கை மையத்துல, அதான் ஜிஎச்ல எச்.ஐ.வி டெஸ்ட் எடுக்கற எடத்துல, குதிகால்ல குத்தி எடுப்பாங்க. 45 நாள் ஊசி போடப் போறப்பவே எடுத்துருவாங்க, கவுன்சிலிங் அக்கா சொல்லியிருப்பாங்களே?

ரெண்டு புள்ள அம்மா:

தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர், ஆனா எதுக்கு ரிஸ்க், பேசாம பவுடர் பாலுக்கு மாத்திடலாமே? வெளிநாட்டுல இருக்கற என் நாத்தனார் அங்கெல்லாம் தாய்ப்பாலே கூடாதுன்னு சொல்வாங்கன்னு சொன்னா.

குதிகால்_லேப்காரன்:

நம்பிக்கை மையத்துல பத்து வருசத்துக்கு மேல வேலை. ஒண்ணொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

பவுடர் பால் விஷயம் மொதல்ல. அம்மா மாத்திரை ஒழுங்கா எடுத்து வைரல் லோடு அடங்கியிருந்தா நம்ம ஊர்ல 6 மாசம் தாய்ப்பால் மட்டும்னுதான் சொல்றோம். பால் வழியா ரிஸ்க் சுத்தமா பூஜ்யம்னு சொல்ல மாட்டேன், ரொம்பக் கம்மி. பவுடர் பால்னா நல்ல தண்ணி, கொதிக்க வச்ச பாட்டில், மாசா மாசம் காசு எல்லாம் வேணும், இல்லன்னா வயித்துப்போக்குலயே புள்ள படுத்துரும். எங்களுக்கு பயமே பாதி தாய்ப்பால் பாதி பசும்பால்னு குடுக்கறதுதான், பிஞ்சுக் குடல் புண்ணாச்சுன்னா கிருமி உள்ள போறதுக்கு வழி ஆயிரும். ஒரு ராத்திரி குடுத்ததுக்கு மனச ஒடச்சுக்காதீங்க, நிறுத்திருங்க, டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிருங்க.

டெஸ்ட். அம்மாவோட ஆன்டிபாடி 18 மாசம் வரைக்கும்கூட புள்ள ரத்தத்துல இருக்கும், அதனால அதுக்கு முன்னாடி எலிசா, ரேபிட்னு ஆன்டிபாடிய பாக்கற டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்தா புள்ளைக்கு இருக்குன்னு அர்த்தம் இல்ல. கிருமியோட மரபணுவையே தேடற பிசிஆர்தான் வேணும். பொறந்த அன்னைக்கே எடுத்தா என்னன்னு கேப்பாங்க, பிரசவ நேரத்துல தொத்தியிருந்தா ரத்தத்துல அது தெரியற அளவுக்கு பெருக கொஞ்ச நாள் ஆகும், அதான் 6 வாரம்.

எடுக்கறது சுலபம். கால வெதுவெதுப்பான துணியால ஒத்தி குதிகாலோட பக்கவாட்டுல ஒரு குத்து, மொத சொட்ட தொடச்சுட்டு அடுத்ததுல இருந்து ரத்தத்த உறிஞ்சற அட்டையில இருக்கற வட்டத்துல ஒண்ணொண்ணா விழ வைப்போம். பெரிய பொட்டு சைஸ்ல அஞ்சு வட்டம். வெயில் படாம காய வச்சு, ஈரம் இழுக்கற பாக்கெட்டோட ஜிப் கவர்ல போட்டு பெரிய லேபுக்கு அனுப்பிருவோம், ஐஸ் பாக்ஸ் தேவையே இல்ல. நாடு பூரா இந்த முறை 2010லேர்ந்து இருக்கு.

இப்ப முக்கியமானது. 6 வாரத்துல நெகடிவ்னு வந்தா பாதிப் பேர் அதோட காணாமப் போயிடறாங்க, எனக்கு இதுலதான் கோவமே வரும். பால் குடிக்கற வரைக்கும் வாய்ப்பு இருக்குல்ல? 6 மாசம், 12 மாசம் திரும்ப எடுக்கணும், 18 மாசத்துல ஆன்டிபாடி டெஸ்ட், அப்பவும் பால் குடிச்சிட்டு இருந்தா நிறுத்தினப்பறம் இன்னொண்ணு. அதுக்கப்பறம்தான் இல்லைன்னு எழுதுவோம்.

ஒருவேளை பாசிட்டிவ் வந்தா உறுதிப்படுத்த இன்னொரு சாம்பிள் எடுப்போம், ஆனா அந்த ரிசல்ட்டுக்கு காத்திருக்காம மருந்த ஆரம்பிச்சிருவாங்க. மருந்து இல்லாம விட்டா தொத்தின புள்ளைங்கள்ல பாதிப் பேர் ரெண்டாவது பொறந்தநாள பாக்க மாட்டாங்க. தென்னாப்பிரிக்காவுல பண்ணி 2008ல வெளியிட்ட ஆராய்ச்சியில, காத்திருக்காம சுமார் 7 வாரத்துலயே மருந்து ஆரம்பிச்ச புள்ளைங்க கிட்ட சாவு 76 சதவீதம் கொறஞ்சுது. சீக்கிரம் எடுங்கன்னு நாங்க உசிர விடறது அதுக்குத்தான்.

பயப்பட வைக்க சொல்லலம்மா. ஒண்ணுமே பண்ணலன்னாக்கூட 100க்கு 15லேர்ந்து 45 புள்ளைங்களுக்குத்தான் போகும், உங்கள மாதிரி மாத்திரை எடுத்தா 5க்கும் கீழ.

காய்ச்சல் கதை வேற. ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கற எந்த புள்ளைக்கு காய்ச்சல் வந்தாலும் வீட்ல வச்சு பாக்கக்கூடாது. இன்னிக்கே ஜிஎச் கெளம்புங்க, சிரப்பையும் டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க.

தேனிக்காரி:

அண்ணே சொன்னத அப்படியே கேளு. 6 வாரத்துலேர்ந்து கோட்ரைமாக்ஸசோல்னு இன்னொரு சிரப்பும் குடுப்பாங்க, நிமோனியா வராம இருக்க, அத பாத்து நோய் வந்துருச்சுன்னு அழுதுட்டு இருக்காத. ரிசல்ட் வர நாளாகும், எனக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, பத்து நாளைக்கு ஒருக்கா போன் போட்டு அந்த கவுன்சிலிங் அக்காவ ஒரு வழி பண்ணிட்டேன்.

கொல்லிமலை_சாரல்:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்க. அன்னைக்கே ஜிஎச் போனோம், ரெண்டு நாள் பெட்ல வச்சு பாத்தாங்க, காய்ச்சல் விட்டுருச்சு. பால் குடிக்கறான், மொத ஒரு நாள் மார் கட்டினதுல அவனுக்கு சப்ப முடியல, சுடுதண்ணி ஒத்தடம் குடுத்து கொஞ்சம் பீச்சி விட்டப்பறம் புடிச்சிக்கிட்டான். இன்னிக்கு 45 நாள் ஊசியும் போட்டு குதிகால்லயும் எடுத்தாங்க. நாலு வட்டம் ஒழுங்கா நெறஞ்சுது, அஞ்சாவதுக்கு கத்தின கத்துல எனக்கே கண்ணு நெறஞ்சுருச்சு. அட்டைய காய வைக்கறதுக்கு எடுத்துட்டுப் போனாங்க.

ஒரே ஒரு சந்தேகம். வீட்டுக்கு வந்ததும் மாமியார் கால்ல என்ன பஞ்சுன்னு கேட்டாங்க, ஊசின்னு சொல்லிட்டேன். ஊசி தொடையிலதான போடுவாங்க, குதிகால்ல எதுக்குன்னு திருப்பிக் கேக்கறாங்க, என்ன சொல்றதுங்க?

தேனிக்காரி:

காய்ச்சல் வந்ததால ரத்த டெஸ்ட்னு சொல்லு. என் மாமியார்கிட்ட நானும் அதான் சொன்னேன்.