ஆறு நாய்க்குத்தான் காசு இருக்கு, எந்த நாய்க்கு முதல்ல கருத்தடை?

கோவில்தெரு: ரங்கூன்ல நம்ம கோவில் தெருவுல 14 நாய்: 6 பெட்டை, 8 கடுவன். வசூலான காசு 6 ஆபரேஷனுக்குத்தான் வரும். பெட்டைக்கு மூணு, கடுவனுக்கு மூணுன்னு பிரிக்கலாம்ங்கிறாங்க. கருத்தடை ஊசியே போதும்னும் ஒருத்தர் சொல்றார். எது சரி?

தாம்வே_அண்ணாச்சி: பிரிக்காதீங்க தம்பி, ஆறும் பெட்டைக்கே. மூணு கடுவனுக்குக் காயடிச்சாலும் மிச்சம் அஞ்சு இருக்கே. பாக்கிப் பெட்டைங்களைச் சினையாக்க ஒண்ணு போதும். ஊசி வேண்டவே வேண்டாம். ஹார்மோன் ஊசி போட்ட பெட்டைக்குக் கருப்பையில சீழ் கட்டலாம், மடியில கட்டி வரலாம். மழை ஓய்ஞ்சு நவம்பர்ல ஆரம்பிங்க. சேத்துல படுத்தா தையல் புண்ணாகிடும்.

மீனா_இன்செய்ன்: பிடிக்கிறதுலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. ஒரு வாரம் ஒரே நேரம், ஒரே இடத்துல சோறு வைங்க. சாப்பிடும்போது கழுத்தைத் தொட்டுப் பழக்குங்க. மிரளுற நாயை முதல்ல பிடிங்க. சாதுவானதை எப்ப வேணா பிடிக்கலாம். ஒண்ணு வலையில விழுந்து கத்துறதைப் பார்த்தா மிரளுறது தெருப்பக்கமே வராது.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி 9 மணிக்கு மேல சோறு கூடாது. கோவில்னா இங்கதான் வம்பு: காலையில யாராவது பொங்கலை இலையோட போட்டுட்டுப் போயிடுவாங்க. வயித்துல சோறு இருந்தா மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போகலாம், நாய் செத்தே போகலாம். பிடிச்ச நாயை ராத்திரியே கூண்டுல வச்சிடுங்க. தின்னது தெரிஞ்சா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லி, தேதியை மாத்துங்க.

கோவில்தெரு: நன்றிக்கா. ஒரு பெட்டை குட்டி போட்டு 3 வாரம்தான் ஆகுது. அதையும் பிடிக்கலாமா?

மீனா_இன்செய்ன்: குட்டிக்கு 8 வாரம் ஆகட்டும், அதைக் கடைசியா வைங்க. பால் குடுக்கிற நாய் பொதுவா உடனே பருவத்துக்கு வராது. பூனைன்னா இப்படிக் காத்திருக்க முடியாது, பால் குடுக்கும்போதே அடுத்த சினை பிடிச்சிடும்.

தாம்வே_அண்ணாச்சி: மயக்கத்துல இருக்கும்போதே காது நுனியில ஒரு நறுக்கு வைக்கச் சொல்லுங்க. அடையாளம் இல்லேன்னா அடுத்த வருஷம் அதே நாயைத் திரும்ப வயித்தைக் கிழிப்பாங்க. கரையுற நூல்லயே தைக்கணும், தையல் பிரிக்க இன்னொரு தடவை யாரு பிடிக்கிறது? ஆபரேஷன் ஆனதை 3, 4 நாள் காய்ஞ்ச தரையில அடைச்சு வைங்க. தையல் வீங்கினாலோ கசிஞ்சாலோ வெளிய விடாதீங்க. வெறிநாய்க்கடி தடுப்பூசியை 14 நாய்க்குமே போடுங்க. அதுக்கு ஆபரேஷன் அளவு செலவில்லை.

கோவில்தெரு: இப்பதான் பார்த்தேன், குட்டியில ரெண்டு பெட்டை. அப்ப எட்டு ஆச்சு.

மீனா_இன்செய்ன்: அதுங்க 6 மாசத்துலயே பருவத்துக்கு வந்துடலாம். அதுக்கு முன்னாடியே, 4, 5 மாசத்துல முடிச்சிடுங்க. ரெண்டாவது வசூலை இப்பவே ஆரம்பிங்க.