‘தி தார்ன் பேர்ட்ஸ்’ நாவல் பற்றிய உரையாடல்: யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்தில் காலீன் மெக்கல்லோவின் ‘தி தார்ன் பேர்ட்ஸ்’ (1977) நாவல் பற்றிய உரையாடலை நான் நடத்த வேண்டும். அதற்குள் வாட்ஸ்அப்பிலேயே சண்டை மூண்டுவிட்டது.

ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணை, ரால்ஃப் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், அவர் மீது அந்தப் பண்ணையில் வளரும் மெகி கொள்ளும் காதல். சிலர் கண்ணீர் விட்டுப் படித்திருக்கிறார்கள். மற்றவர்களோ, மெகியைச் சிறுமியாக இருந்தபோதே அறிந்த ரால்ஃப் பின்னாளில் அவளுடைய காதலராவதை ஏற்கவே முடியாது என்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. மெகியின் அத்தையும் பண்ணையின் உரிமையாளருமான மேரி கார்சனின் சொத்து திருச்சபைக்குப் போனால் மெகியின் குடும்பம் அதை இழக்கும் என்று தெரிந்தும், அப்படி எழுதப்பட்ட, திருச்சபையில் தனக்கு உயர்வு தரும் உயிலை ரால்ஃப் வெளியே எடுக்கிறாரே, அந்த இடம்! துறவு விரதத்தைவிடப் பதவி ஆசைதான் பெரிய தடை என்று எனக்குப் படுகிறது. (1983 தொலைக்காட்சித் தொடரை மட்டும் பார்த்தவர்கள் ரால்ஃபுக்கு மிகவும் பரிந்து பேசுகிறார்கள். அதில் ரால்ஃபாக நடித்த ரிச்சர்ட் சேம்பர்லின் முகம் செய்யும் வேலை!)

எந்தக் காட்சியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்? அந்தக் காலத்தில் ஒரு பாதிரியார் விரதத்திலிருந்து விடுபட என்ன வழி இருந்தது என்று அறிந்தவர்கள் விளக்க முடியுமா? நாவல் பிடிக்காதவர்கள் முதலில் எழுதினால் நல்லது.