பரந்தூர் விமான நிலையம்: ஏகனாபுரம் மட்டும் ஏன் இவ்வளவு எதிர்க்கிறது?

மாம்பலத்தான்: மீனம்பாக்கத்தில் விரிக்க இடமில்லை. ஒரு பக்கம் அடையாறு, சுற்றிலும் வீடுகள். பெங்களூர் 2008-லேயே தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. நாம் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022-ல்தான் காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரை அறிவித்தோம். அதையும் அந்த இடத்துக்குள் வரும் ஏகனாபுரம் கிராமத்தார் கறுப்புக்கொடி பிடித்து நிறுத்தப் பார்த்தால் எப்படி?

ஏரிப்பாசனம்: இடமில்லை, சரி. எடுக்கப்போகும் இடம் எது? சுமார் 5,700 ஏக்கர். அதில் நஞ்சை, ஏரி, குளம் எல்லாம் அடக்கம். கம்பன் கால்வாய் அதற்குள்தான் ஓடுகிறது. வழியில் பல ஏரிகளை நிரப்பிவிட்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிற கால்வாய் அது. ஏகனாபுரத்துக்காரர்கள் விலை பேசவில்லை, ஊரையே எடுக்காதே என்கிறார்கள்.

மாம்பலத்தான்: கால்வாயைத் திருப்பிவிட்டால் போச்சு. மீனம்பாக்கத்தில் அடையாற்றின் மேலேயே ஓடுபாதை போடவில்லையா?

ஏரிப்பாசனம்: நல்ல உதாரணம்தான் எடுத்தீர்கள் சார். 2015 டிசம்பரில் அந்த அடையாறு உள்ளே வந்து, விமான நிலையத்தைச் சில நாள் மூடிவைத்தார்கள். மறந்துவிட்டதா?

பட்டா சிட்டா: தண்ணீரை விடுங்கள், சட்டத்தைப் பாருங்கள். நிலம் எடுப்பது தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்கச் சட்டத்தில். மத்திய அரசின் 2013 சட்டம் கேட்கும் சமூகத் தாக்க ஆய்வு இதற்குக் கட்டாயமில்லை. 2019-ல் சென்னை உயர்நீதிமன்றம் இந்த 1997 சட்டம் செல்லாது என்றது. அரசு புதுச் சட்டம் போட்டு உயிர்கொடுத்தது, 2021-ல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. கிராமசபையில் எத்தனை தீர்மானம் போட்டாலும் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு காகிதம், அவ்வளவுதான். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

மாம்பலத்தான்: படாளம், திருப்போரூர், பன்னூர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தார்கள். பன்னூரில் வீடுகள் இன்னும் அதிகம். எங்கே போனாலும் யாரோ ஒருவர் அழத்தான் செய்வார்.

ஏரிப்பாசனம்: வீட்டை எண்ணினார்கள், ஏரியை எண்ணினார்களா? பட்டாக்காரருக்காவது பணம் வரும். குத்தகைக்குப் பயிர் வைப்பவர், நாற்று நடுகிற பெண்கள், ஆடு மேய்ப்பவர் கையில் என்ன காகிதம் இருக்கிறது?

பட்டா சிட்டா: சேலம் எட்டு வழிச்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தில் விவசாயிகள் ஜெயித்தார்கள். 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பு செல்லும் என்றது. கோர்ட்டை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பது ஏகனாபுரத்துக்கும் தெரியும். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தது அதனால்தானே?

மாம்பலத்தான்: ஓட்டுப் போடாமல் இருந்து என்ன கிடைத்தது? 2025-ல் மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதலும் வந்தாச்சே.

ஏரிப்பாசனம்: வந்தது. ஊர் கேட்ட கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை: மழைக்காலத்தில் அந்தக் கால்வாய்த் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?