லிட்டில் அந்தமான் (ஹட் பே) போக 5 நாள் போதுமா? அப்பாவையும் கூட்டிட்டு போறோம்

மதுரைக்காரன்:
வணக்கம் நண்பர்களே. ஜனவரி கடைசில நானும் வொய்ஃபும் அப்பாவும் அந்தமான் போறோம். ஹேவ்லாக், நீல் ரெண்டும் 2019லயே பாத்தாச்சு, இந்த தடவை கூட்டம் இல்லாத எடமா போகலாம்னு லிட்டில் அந்தமான் தீவு யோசிச்சிருக்கோம், அங்க கப்பல் போய் நிக்கிற ஊர் தான் ஹட் பே. சென்னைல இருந்து ஃப்ளைட் போக வர சேத்து மொத்தமே 5 நாள் தான் லீவு. அப்பாவுக்கு 67 வயசு, சுகர் இருக்கு, இன்சுலின் போடுறாரு, ஆனா நல்லா நடப்பாரு. கப்பல் டிக்கெட் இங்க இருந்தே போட்ருலாமா? ஏடிஎம், நெட்டு, ஆஸ்பத்திரி எல்லாம் எப்டி? வீடியோல எல்லாரும் பீச்சை தான் காட்றாங்க, எப்டி போய் சேரணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்றாங்க. போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஜங்லிகாட் அக்கா:
தம்பி, நான் கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து போர்ட் பிளேர்ல தான் இருக்கேன் (2024ல ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்திட்டாங்க, டிக்கெட்ல அந்த பேர் இருந்தா குழம்பாதீங்க). 5 நாள் பத்தவே பத்தாது, அதை மொதல்லயே சொல்லிடறேன். ஹேவ்லாக் மாதிரி காலைல ஏறி டிபன் டைம்க்கு எறங்குற எடம் இல்ல இது. இங்க போர்ட் பிளேர் பீனிக்ஸ் பே ஜெட்டில (படகுத்துறை) ஏறினா ஹட் பே போய் சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும், வேகமா போற போட் கெடச்சா கொஞ்சம் கொறையும். நடுவுல டங்கன் பாசேஜ்னு தெறந்த கடல் வருது, அங்க தான் கப்பல் நல்லா ஆடும். காத்து ஏறிடுச்சுன்னா கப்பலே எடுக்க மாட்டாங்க, எடுக்காம இருக்கறது தான் நமக்கு நல்லது.

டிக்கெட் ரெண்டு மாசம் முன்னாடி எல்லாம் போட முடியாது, கப்பல் எந்த தேதில போகுதுனு தெரியறதே கிட்டத்துல தான். அதனால வந்து எறங்கின அன்னைக்கே ஆதார் எடுத்துட்டு கவுண்டர்க்கு போயிடுங்க. அங்க நிக்கறவங்க பாதி பேரு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு ஊர் திரும்புற தீவுக்காரங்க, அவங்களுக்கு அது தான் பஸ்சு. சீட் அவங்களுக்கு மொதல்ல போறது நியாயம் தான், கோச்சுக்காதீங்க. கெடச்சா அப்பாவுக்கு மட்டுமாவது படுத்துட்டு வர்ற பங்க் எடுங்க, உக்காந்துட்டே வந்தா இடுப்பு போயிடும்.

ஹட் பேல ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா பெருசா ஏதாவது ஆச்சுன்னா இங்க ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்கு தான் கொண்டு வருவாங்க. இன்சுலின் மருந்து போற நாளுக்கு தேவையானத விட டபுளா பையில கொண்டு போங்க, கரண்ட் அடிக்கடி போகும், ஃப்ரிட்ஜை நம்பாம சின்ன ஐஸ் பை வச்சுக்கோங்க.

அலைவாய்:
அக்கா சொன்னது அத்தனையும் உண்மை, எனக்கு நடந்தே போச்சு. 3 நாள் தங்கிட்டு மறுநாள் மதியம் சென்னை ஃப்ளைட்னு போட்டு வச்சிருந்தேன், கெளம்ப வேண்டிய அன்னைக்கு கடல் சரியில்லனு கப்பல் கேன்சல், அடுத்த நாளும் இல்ல, மூணாவது நாள் தான் கெடச்சுது. ஃப்ளைட் போச்சு, புது டிக்கெட்க்கு பழைய டிக்கெட்டை விட ரெண்டு மடங்கு குடுத்தேன். அதனால திரும்பி வந்து போர்ட் பிளேர்ல ரெண்டு நாளாச்சும் சும்மா இருக்கற மாதிரி வைங்க. கப்பல் சரியா வந்துட்டா செல்லுலார் ஜெயில், ராஸ் தீவுனு அப்பாவுக்கு காட்டலாம், அந்த நாள் வீணாகாது.

ஆனா எடம்னா எடம் ப்ரோ. அங்க எல்லாமே ஜெட்டில இருந்து எத்தனை கிலோமீட்டர்ங்கற கணக்கு தான், நேதாஜி நகர்னு கேட்டா 11 கிலோமீட்டர்ம்பாங்க, பட்லர் பே பீச் 14. ஸ்கூட்டர் வாடகைக்கு கேட்டு வாங்கிட்டு ஒரே ரோட்ல போயிட்டே இருக்கலாம், வழில செம்பனை (பாமாயில் மரம்) தோட்டம், வைட் சர்ஃப் அருவி. சாப்பாட்டுக்கு பயம் வேண்டாம், 1970கள்ல குடியேறின வங்காளிங்க நெறைய பேரு, மீன் கொழம்பு சோறு நல்லா இருக்கும். அப்பாவுக்கு ரசகுல்லா கடை மட்டும் காட்டாதீங்க.

ஒன்னு மறக்காதீங்க, சேண்ட்ஃப்ளைனு மணல்ல இருக்கற சின்ன பூச்சி. கண்ணுக்கே தெரியாது, கடிக்கும் போதும் தெரியாது, மறுநாள் காலைல கணுக்கால பாத்தா வரிசையா செவப்பு செவப்பா தடிச்சிருக்கும், ஒரு வாரம் அரிக்கும். சுகர் இருக்கறவங்க சொறிஞ்சு புண்ணாக்கிட்டா ஆறவே ஆறாது. சாயங்காலம் மணல்ல உக்காரும் போது அப்பாவுக்கு முழு பேண்ட், சாக்ஸ் போட்டு விடுங்க, கால்ல தேங்காண்ணெய் கெட்டியா தடவிக்கோங்க. அப்புறம் ஓடை வந்து கடல்ல கலக்குற எடத்துல கால் கூட நனைக்காதீங்க, உப்புத்தண்ணி முதலை இருக்கு. எங்க குளிக்கலாம்னு அந்த ஊர்க்காரங்கள கேட்டுட்டு தான் தண்ணில எறங்கணும்.

தீவுப்பயணி:
இன்னொன்னு யாரும் சொல்லல. லிட்டில் அந்தமான்லயே டுகாங் கிரீக், சவுத் பே பக்கம் ஓங்கே பழங்குடி மக்களோட எடம், 2011 கணக்குல மொத்தமே 101 பேரு தான். அங்க நாம போகவே கூடாது, 1956லயே அதுக்கு சட்டம் போட்டாச்சு. யாராவது காசு குடுத்தா கூட்டிட்டு போறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. நாம கொண்டு போற ஒரு சளி காய்ச்சல் அவங்களுக்கு எவ்ளோ பெரிய ஆபத்துனு யோசிங்க. சங்கு, பவளம் எதையும் பையில போட்டு எடுத்துட்டு வராதீங்க, ஏர்போர்ட்ல புடிப்பாங்க.

மதுரைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பா அக்காவுக்கு. நேத்து நைட் வீட்ல பேசினோம், லீவை 9 நாளா கேட்டிருக்கேன், கெடைக்கலன்னா ஹட் பே அடுத்த வருஷம் தான். பணம், நெட்டு பத்தி மட்டும் யாராச்சும் சொல்லிடுங்க.

ஜங்லிகாட் அக்கா:
நல்ல முடிவு தம்பி. பணம் கையிலயே கொண்டு போயிடுங்க, ஏடிஎம்ல எப்பவும் காசு இருக்கும்னு நெனைக்காதீங்க. நெட்டு முன்ன மாதிரி மோசம் இல்ல, 2020ல சென்னைல இருந்து கடலுக்கடியில கேபிள் போட்டது ஹட் பே வரைக்கும் வருது, ஆனா ஊரை விட்டு தள்ளி போனா சிக்னல் போயிடும். ஜனவரில அஞ்சரைக்கு எல்லாம் இருட்டிடும், ஸ்கூட்டர்ல போனா நாலரைக்கே திரும்பிடுங்க, அந்த ரோட்ல லைட்டு கெடையாது. கப்பல்ல ஏர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வாந்தி மாத்திரை போட்டுக்கோங்க, அப்பாவுக்கு எது ஒத்துக்கும்னு டாக்டர்ட்ட இப்பவே கேட்டு வச்சிடுங்க. சுகர்காரர வெறும் வயித்தோட ஏத்திடாதீங்க, ரெண்டு இட்லியாவது குடுத்து கூட்டிட்டு வாங்க.