போருக்குப் பிந்திய திருகோணமலை: துறைமுகக் காவலுக்கு எத்தனை கப்பல்?

முல்லைக்கரை:
வணக்கம். வவுனியாவில் எங்கள் வரலாற்று வட்டத்தில் இந்தமுறை 1945க்குப் பிந்திய திருகோணமலையை எடுத்திருக்கிறோம். பெரிய கப்பற்படை வெளியே போயிருக்கும் நேரத்தில் துறைமுகத்தை மட்டும் காக்க எந்த வகைக் கப்பல், எத்தனை வேண்டும்? கணக்கை எங்கே தொடங்குவது?

கொட்டியாரன்:
பீரங்கியில் தொடங்காதீர்கள், கடற்கண்ணியில் தொடங்குங்கள். ஒரு நீர்மூழ்கி இரவில் சில கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போனாலே துறைமுகம் அடைபட்டுவிடும்.

துறைமுகத்துக்குக் கப்பல் வந்துபோகும் கடல் வாய்க்கால் 10 கடல்மைல் நீளம், 1000 யார் அகலம் என்று வைப்போம். ஒரு சோடி கண்ணிவாரிகள் (கண்ணிகளை வாரி அகற்றும் கப்பல்கள்) கேபிளை இழுத்தபடி ஒருமுறை போனால் 200 யார் துப்புரவாகும் என்றால் ஐந்து ஓட்டம். 8 நொட் (மணிக்கு 8 கடல்மைல்) வேகத்தில் ஓட்டத்துக்கு 75 நிமிடம், திரும்பவும் கேபிளைச் சரிசெய்யவும் இன்னொரு 15. ஆக, முழு வாய்க்காலையும் ஒருமுறை வார ஏழரை மணித்தியாலம், அதாவது ஒரு பகல். கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் காந்தக் கண்ணிகளில் எண்ணும் பொறி இருக்கும். முதல் ஐந்து கப்பலை விட்டு ஆறாவதுக்கு வெடிக்கும்படி வைக்கலாம். அதனால் ஒரே வாய்க்காலை ஆறுமுறை வாரவேண்டும். இரண்டு சோடி என்றால் மூன்று நாள். மூன்றில் ஒரு பங்கு எப்போதும் பழுதுபார்ப்பில் நிற்கும், எனவே 4 கப்பல் ஓட 6 வேண்டும். பலர் இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுத்தான் கணக்கைப் பிழைக்க விடுகிறார்கள்.

நந்திக்கடல்:
முறை சரி, ஆனால் 10 மைல் திருகோணமலைக்கு அதிகம். துறைமுகத்துக்கு வெளியேயுள்ள கொட்டியார்க்குடாவுக்குள்ளேயே ஆழ்கடல் பள்ளம் வந்துவிடுகிறது. அடியில் கிடக்கும் கண்ணி அந்த ஆழத்தில் மேலே போகும் கப்பலை எட்டாது. துறைமுக வாயிலுக்குக் கிட்டவுள்ள ஆழம் குறைந்த பகுதியைத்தான் திரும்பத் திரும்ப வாரவேண்டும். 3 கப்பலோடு சமாளிக்கலாம். மிச்சப்படுவதை நீர்மூழ்கி தேடும் பிரிகேட் வகைப் போர்க்கப்பல்களுக்குக் கொடுங்கள். கப்பலுக்கு வசதியான அதே பள்ளம், மூழ்கிவரும் நீர்மூழ்கிக்கும் கரைக்குக் கிட்டவரை மறைப்புத் தருகிறது.

இன்னொன்று, டொக், அதாவது கப்பலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் மேடை. 50,000 தொன் தூக்கக்கூடிய மிதக்கும் டொக் 1944 ஆகஸ்ட் 8இல் 'வேலியன்ட்' போர்க்கப்பலைத் தூக்கும்போது உடைந்து தாண்டது. தொட்டிகளில் தண்ணீரை வெளியேற்றிய ஒழுங்கு பிழைத்து, பாரம் ஒரேசீராக விழாமல் முதுகு முறிந்தது. அதற்குப் பிறகு பெரிய கப்பலின் அடிப்பகுதி வேலைக்கு சிங்கப்பூர் போன்ற இடங்களைத்தான் நம்பவேண்டும். ஆகவே இங்கே நிரந்தரமாக வைக்கும் படை, இங்கேயே பழுதுபார்க்கக்கூடிய சிறிய கப்பல்களாகத்தான் இருக்கவேண்டும்.

ஓமந்தையான்:
விமானத்தை மறந்துவிட்டீர்கள். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு முதல்நாள் இரவே 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கியைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். அதில் விமானம் இல்லை, மேலே காவலும் இல்லை. மட்டக்களப்புக்கு வெளியே தாட்டுவிட்டார்கள். கப்பலைக் கலைத்துவிட்டால் மட்டும் போதாது.

துறைமுகத்தையொட்டிய சீனன்குடா ஓடுதளமும் எண்ணெய்த் தாங்கிகளும் பக்கம் பக்கமாக இருப்பதால் ஒரே தாக்குதல் இரண்டையும் பிடிக்கும். நம்முடைய வவுனியா ஓடுதளம் நேர்கோட்டில் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். அந்தக் காலச் சண்டை விமானத்துக்குப் பத்து நிமிடம். முதல் அலையில் அடிபடாத இரண்டாவது தளமாக வன்னியை வைத்துத்தான் திட்டம் போடவேண்டும்.

முல்லைக்கரை:
மிக்க நன்றி. சுதந்திர இலங்கை இதைத் தானே செய்திருக்க முடியுமா?

கொட்டியாரன்:
உடனடியாக முடியாது. 1950 டிசம்பர் 9இல் இலங்கைக் கடற்படை தொடங்கியபோது கையில் இருந்த போர்க்கப்பல் 'விஜய' ஒன்றுதான், அல்ஜெரீன் வகைக் கண்ணிவாரி, வேகம் 16 நொட் சொச்சம், ஒரு 4 அங்குலப் பீரங்கி. மேலே சொன்ன கணக்கின்படி ஒரு சோடிகூட இல்லை. பிரித்தானியாவோடு செய்த 1947 நவம்பர் பாதுகாப்பு ஒப்பந்தத்தால்தான் அந்த இடைவெளியைப் பிரித்தானியர் நிரப்பினார்கள். அதில் முடிவுத் திகதி இல்லை. ஆனாலும் பத்து வருடத்துக்குள், 1957 ஒக்டோபரில், தளம் இலங்கையின் கைக்கு வந்துவிட்டது. அதனால் உங்கள் திட்டத்தில் கப்பல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வருட நிரல் ஒன்றும் போடுங்கள்: எந்த வருடத்தில் எந்தக் கப்பலுக்கு உள்ளூர் மாலுமிகள் தயாராக இருப்பார்கள் என்று.