நேபாள மலைப்பள்ளி: கூரை ஒழுகல், சுவரில் ஈரம். 6 பேர் 2 வாரத்தில் என்ன செய்ய முடியும்?

வழிப்போக்கன்:
கோர்க்கா மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி. வெளியளவு 12 × 5 மீட்டர், இரண்டு வகுப்பறை. கல்லும் மண்சாந்தும் வைத்த சுவர், மரச்சட்டத்தின் மேல் தகரக் கூரை. ஆணி அடித்த இடமெல்லாம் ஒழுகுகிறது. மேட்டுப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம், சிமென்ட் பூச்சு உப்பி உதிர்கிறது. அக்டோபரில் போகிறோம், நான்கு பேரிடம் இந்தியப் பாஸ்போர்ட், இருவரிடம் சிங்கப்பூர். கூரை, பூச்சு, பெயின்ட் மூன்றையும் முடித்துவிடலாமா?

கொத்துக்கரண்டி:
மூன்றும் நடக்காது. கூரையும் வடிகாலும் முடித்தாலே பெரிது.

முதலில் தேதியை மாற்றுங்கள். பெரும்பாலும் அக்டோபரில்தான் நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன் வரும். டகர்மி (கொத்தனார்), சிகர்மி (தச்சர்) எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். நம் தீபாவளியை ஒட்டி வரும் திஹார் முடிந்ததும் போனால் ஆளும் கிடைக்கும், மழையும் இருக்காது. டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளாதீர்கள். உயரமான ஊர்களில் குளிரில் சிமென்ட் இறுக மறுக்கும்.

கூரைக் கணக்கு: இரு பக்கச் சரிவு, 18 டிகிரி, 40 செ.மீ. இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) என்றால் 10 அடித் தகடு ஒரு சரிவுக்குச் சரியாக இருக்கும். பக்கவாட்டில் ஒரு தகடு அடுத்த தகட்டின் மேல் இரண்டு நெளிவு ஏறவேண்டும். அப்போது ஒரு தகடு ஏறத்தாழ 66 செ.மீ. மூடும். இரு முனை நீட்டலும் சேர்த்து 13 மீட்டர் நீளத்துக்குச் சரிவுக்கு 20, மொத்தம் 40, உபரி 2. கூரை உச்சியை மூடும் 6 அடி ரிட்ஜ் தகடு 8. சரிவுக்கு 4 சட்டம், ஒரு தகட்டுக்கு 16 திருகு என்று 640. சேதத்தோடு 750 வாங்குங்கள். 26 கேஜ் (தடிமன் அளவு) தகடு ஒன்று ஏறத்தாழ 10 கிலோ. சாலை முடியும் இடத்திலிருந்து 420 கிலோவை யார் சுமப்பார்கள், கூலி என்ன என்பதை முன்பே பேசாவிட்டால் முதல் மூன்று நாள் அதிலேயே போய்விடும்.

மண்வாசம்:
பெயின்டை மறந்துவிடுங்கள். ஈரம் மேட்டிலிருந்து வருகிறது. பின்பக்க மண் உள்தரையைவிட உயரமாக இருக்கும், பாருங்கள். அதை வெட்டித் தாழ்த்தி, சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி, மீட்டருக்கு 1 செ.மீ. சரிவோடு வடிகால் எடுங்கள். சுவரை ஒட்டி அடித்தளத்துக்குக் கீழே தோண்டினால் சுவரே சரியும். ஈரமான சிமென்ட் பூச்சை முழுவதும் உரித்துவிட வேண்டும். மண்சாந்துச் சுவரில் அது நீரை உள்ளேயே பூட்டிவைக்கும். உலர வாரக்கணக்கில் ஆகும். அதன்பின் உள்ளூர்க் கொத்தனார் மண்பூச்சோ சுண்ணாம்போ பூசட்டும். அந்தக் கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ மூலையில் நெடுக்காக வெடித்திருந்தாலோ கை வைக்காதீர்கள். இரு முகத்தையும் கோக்கும் கட்டுக்கல் 60 செ.மீ. உயரத்துக்கு ஒன்று, 1.2 மீட்டர் நீளத்துக்கு ஒன்று வேண்டும். 2015 நிலநடுக்கத்தில் அது இல்லாத சுவர்கள் இரண்டாகப் பிளந்து விழுந்தன. அது பொறியாளர் வேலை. உச்சியில் முக்கோணக் கல்சுவர் இருந்தால் அதையும் காட்டுங்கள்; இறக்கிவிட்டுத் தகடு அடிப்பதுதான் வழக்கம்.

வழிப்போக்கன்:
நன்றி. திருகைத் தகட்டு நெளிவின் மேட்டில் அடிப்பதா பள்ளத்திலா? இங்கே ஷெட் போடுபவர்கள் பள்ளத்தில்தான் அடிக்கிறார்கள்.

கொத்துக்கரண்டி:
அது தட்டையான பள்ளமுள்ள பட்டைத் தகடு. வட்ட நெளிவில் தண்ணீர் பள்ளத்தில் ஓடும், ஆகவே மேட்டில்தான். உங்கள் கூரை ஒழுகக் காரணமும் பெரும்பாலும் பள்ளத்தில் ஆணி அடித்ததே. மரத்தில் ஏறும் மரையுள்ள திருகு, 65 மி.மீ., ரப்பர் வாஷரோடு. வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். இன்னும் இறுக்கினால் ரப்பர் கிழிந்து மறுபடி ஒழுகும். பழைய தகட்டில் ஏறும்போது சட்டத்தின் மேல் பலகை போட்டு மிதியுங்கள். வேலை முடிந்ததும் பகலில் கதவு சன்னலை அடைத்து உள்ளே நின்று பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே சாக்பீஸ் குறி.

எல்லைக்கல்:
இந்தியர்களுக்கு விசா வேண்டாம். சிங்கப்பூர் நண்பர்கள் கவனிக்க: சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதி கிடையாது. பள்ளி நிர்வாகக் குழுவின் கடிதம் மட்டும் போதாது. 2017-க்குப் பிறகு பள்ளிகள் அந்தந்த உள்ளாட்சிப் பாலிகாவின் பொறுப்பு, அங்கே முதலில் பேசுங்கள். டிரில் பேட்டரியைக் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போடாதீர்கள்.